நோய்ப்படுக்கை அருகே ஒரு விளையாட்டுப் பலகை

மருத்துவமனையில் தங்கியிருக்கும் ஒருவருடைய நாளை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். மருத்துவர் வந்து பார்ப்பது, செவிலியர் ஊசி போடுவது, இரத்தம் எடுப்பது, மாத்திரை, உணவு, ஸ்கேன் ஆகிய அனைத்தையும் கூட்டினாலும் அவை நாளின் சிறுபகுதியே. எஞ்சிய நேரம் முழுவதும் காத்திருப்புதான். பரிசோதனை முடிவுக்காகவும், காய்ச்சல் இறங்குவதற்காகவும், புண் ஆறுவதற்காகவும், வீட்டுக்குப் போகலாம் என்னும் சொல்லுக்காகவும் நோயாளியும் உடனிருப்பவரும் காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தை எவ்வாறு கழிக்கிறோம் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மருந்துச் சீட்டில் அதற்கு இடமில்லை. ஆயினும் நோயாளியின் மனநிலையையும், அவரைக் கவனிப்பவரின் பொறுமையையும் பெருமளவு தீர்மானிப்பது இந்த நேரமே.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு நாம் இந்த இதழில் ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறோம். சில நாள்களுக்கு மேல் நீளும் எந்த நோயிலும், நோயாளியும் உடனிருப்பவரும் சேர்ந்து ஒரு பலகை விளையாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பிக்க வேண்டும். மருத்துவமனைகள் அதற்கு இடமும் பொருளும் தர வேண்டும். இதை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் கருதவில்லை. பராமரிப்பின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம்.

“நோயாளி கிடக்கிறார், இங்கே விளையாட்டா?”

இந்தக் கருத்துக்கு முதலில் எழும் எதிர்ப்பு எது என்பதை நாம் அறிவோம். வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கையில் விளையாடுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக உள்ளது. நலம் விசாரிக்க வரும் உறவினர், கட்டிலின்மேல் பல்லாங்குழியைக் கண்டால் முகம் சுளிக்கக்கூடும் என்று உடனிருப்பவர் அஞ்சுகிறார். தாயம் உருட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்வோரும் உண்டு. இவ்வச்சங்களை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. நோயுற்றவர்மீது கொண்ட மதிப்பிலிருந்தே அவை பிறக்கின்றன.

ஆனால் அதே மதிப்பின் பெயரால் நாம் நோயாளிக்கு என்ன செய்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படுக்கையில் இருப்பவருக்கு எல்லாவற்றையும் பிறரே செய்கிறார்கள். எப்போது உண்பது, எப்போது குளிப்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்பதையெல்லாம் பிறரே முடிவு செய்கிறார்கள். நேற்று வரை நூற்பாலையில் ஒரு பிரிவையே மேற்பார்த்தவர், இன்று தண்ணீர் குடிப்பதற்கும் அனுமதி கேட்கிறார். அவரைச் சுற்றி நடக்கும் பேச்சும் அவருடைய நோயைப் பற்றியதே: சர்க்கரை எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு, வீக்கம் வடிந்ததா. பேச வேறு பொருளில்லாமல் இரு தரப்பும் கைப்பேசிக்குள் முகம் புதைக்கிறார்கள்.

ஒரு விளையாட்டில் இந்த நிலை மாறுகிறது. “அப்பா, உங்கள் முறை” என்று சொல்லும்போது, முடிவெடுக்கும் உரிமை அவரிடம் திரும்பச் செல்கிறது. எந்தக் குழியிலிருந்து காய் எடுப்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். தவறினால் தோற்கிறார், கணக்குச் சரியாக இருந்தால் வெல்கிறார். நோயாளி என்னும் பெயரைச் சற்று நேரம் கழற்றி வைத்துவிட்டு அவர் ஓர் ஆட்டக்காரர் ஆகிறார். இதைவிடப் பெரிய மரியாதையை அந்த அறையில் அவருக்கு வேறெவ்வாறு அளிக்க இயலும்?

தொடக்கநிலையாளராக இருப்பதன் நன்மை

நம் பகுதியில் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்த பெண்களில் பலர் பல்லாங்குழியும் தாயமும் நன்கு அறிந்தவர்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் மகனுக்கோ பேத்திக்கோ அவை தெரிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வை நாம் ஒரு பெரும் வாய்ப்பாகக் காண்கிறோம். பாட்டியோ ஆச்சியோ அம்மாச்சியோ ஆசிரியர் ஆகிறார், பேரப்பிள்ளை மாணவர் ஆகிறார். ஊட்டிவிடும் கையைப் பிடித்துத் திருத்தும் இடத்தில் நோயாளி அமர்கிறார். ஆகவே, “எனக்கு ஒன்றும் தெரியாதே” என்று உடனிருப்பவர் தயங்க வேண்டியதில்லை. தெரியாமலிருப்பதே இங்கு அவர் கொண்டுவரும் நற்பொருள்.

புதிய ஆட்டம் ஒன்றைக் கற்பதில் உள்ள தயக்கம் உலகெங்கும் ஒன்றுபோலவே உள்ளது. சீனாவில் தோன்றி, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் வீட்டுக்கு வீடு ஆடப்படும் மாஜாங் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 144 காய்கள். மூங்கில், வட்டம், எழுத்து என மூன்று வகை எண் காய்கள் 108, திசைக்காற்றுக் காய்கள் 16, டிராகன் காய்கள் 12, மலரும் பருவமும் குறிக்கும் காய்கள் 8. நால்வர் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் 13 காய்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்து, மும்மூன்றாக நான்கு தொகுதிகளும் ஓர் இணையும் அமைக்க முயல்வார்கள். முதன்முறை காண்பவருக்கு இது மலைப்பூட்டும். எனினும் புதியவர் ஒரே நாளில் அனைத்தையும் மனப்பாடம் செய்வதில்லை. முதலில் காய்களின் பெயர், பிறகு தொகுதி சேர்க்கும் முறை, அதன்பின் எதைக் கழிப்பது என்னும் முடிவு என்று படிப்படியாகவே பழகுகிறார். மதிப்பெண் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மறதிநோய் கொண்ட முதியோரை வாரத்தில் சில நாள்கள் மாஜாங் ஆடச் செய்து, அவர்கள் நினைவாற்றலைச் சோதித்த ஆய்வும் ஹாங்காங்கில் நடந்துள்ளது.

நமக்கு மாஜாங் காய்கள் கிடைப்பது அரிது. அவற்றைத் தேடிப் போக வேண்டிய தேவையும் இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபத சோபனப் படத்தை விரித்து ஆடிய மரபு வைணவத் தலமாகிய ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதியதன்று. தூக்கத்தை வெல்ல வேண்டிய நீண்ட இரவுக்கு ஓர் ஆட்டம் துணை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அறுவை சிகிச்சை அரங்கின் வெளியே அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கும் அத்தகைய இரவே வாய்க்கிறது.

யாருக்கு எந்த ஆட்டம்?

முதலாவது பல்லாங்குழி. இருவர் ஆடுவது. பக்கத்துக்கு 7 என 14 குழிகள். குழிக்கு 5 காய்கள் இட்டால் மொத்தம் 70. சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி என எதுவும் காயாகும். ஒருவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்களை எடுத்து, குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்வார். கையிலிருந்த கடைசிக் காயை இட்டதும், அடுத்த குழியிலுள்ளவற்றை எடுத்துத் தொடர்வார். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கும் அடுத்த குழியிலுள்ள காய்களைத் தமதாக்கிக்கொள்வார். அத்துடன் எதிராளியின் முறை தொடங்கும். இடையில் ஒரு குழியில் 4 காய்கள் சேர்ந்தால் அது ‘பசு’. அந்தப் பக்கத்துக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி சற்றே மாறும். நோயாளி எந்த விதியைச் சொல்கிறாரோ அதையே பின்பற்றுங்கள்.

இந்த ஆட்டத்தை ஒரு கையாலேயே ஆடலாம் என்பது மருத்துவமனைக்கு மிகவும் பொருத்தமானது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பொதுவாக வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம், ஒரு கையை அசைக்காமல் டயாலிசிஸ் இயந்திரத்துடன் இணைந்திருக்க வேண்டும். மறு கை விடுதலையாகவே இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் விரல்களுக்குப் பயிற்சி பெறுவோருக்கும், சிறு பொருளைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி எடுத்துக் குறித்த இடத்தில் விடுவது பழக வேண்டிய அசைவே. பயிற்சி என்று சொல்லிப் பத்து முறை செய்யச் சொன்னால் அலுத்துக்கொள்பவர், ஆட்டம் என்றால் நூறு முறை செய்துவிடுவார். ஆயினும் எவ்வளவு நேரம், எந்தக் கையால் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிந்து தொடங்குவது நல்லது.

இரண்டாவது தாயம். மூவர் நால்வர் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு ஏற்றது. சாக்கட்டியால் ஓர் அட்டையில் கட்டம் வரைந்தால் போதும். 1, 2, 3 என்ற புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் கொண்ட இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டுவோம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவருக்கு மறுபடியும் உருட்டும் உரிமை உண்டு. எதிராளியின் காயை வெட்டலாம், குறியிட்ட கட்டங்களில் நிற்கும் காயை வெட்டலாகாது. சுற்றி முடித்து உள்ளே சேர்ந்த காய் ‘பழம்’.

புதிதாகக் கற்பவர், தமக்கு மட்டும் தாயமே விழவில்லை என்று சோர்வதைப் பார்க்கிறோம். அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. இரு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் தாயம் விழுவது இரண்டில் மட்டுமே. ஆகவே சராசரியாக எட்டு முறைக்கு ஒரு முறையே தாயம் வரும். எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நேரும். அதில் எவருடைய அதிருஷ்டக் குறைவும் இல்லை. நோயின் போக்கிலும் இத்தகைய தற்செயல்கள் பல உண்டு. ஒரே சிகிச்சையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் முன்னதாக வீடு திரும்புகிறார், நமக்கு இன்னும் நாளாகிறது. “நான் என்ன பாவம் செய்தேன்” என்று தம்மை நொந்துகொள்ளும் நோயாளிக்கு, எவர் குற்றமும் இல்லாமல் தாமதம் நேரும் என்பதை நூறு ஆறுதல் மொழிகளைவிடத் தாயக்கட்டை எளிதாகப் புரியவைக்கும்.

மூன்றாவது ஆடுபுலி ஆட்டம். தமிழகத்துப் பழங்கோயில்களின் கல்தரைகளில் இதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். முக்கோண வடிவில் 23 புள்ளிகள். ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். தனக்கு அடுத்து நிற்கும் ஆட்டுக்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி அதைத் தாண்டி வெட்டும். மூன்று புலிகளையும் நகரவிடாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. இதில் கட்டையோ சோழியோ இல்லை. ஆகவே அதிருஷ்டத்துக்கும் இடமில்லை. எண்ணி ஆட விரும்புவோருக்கு உகந்தது. அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கும் இரு நோயாளிகள்கூட, ஒருவர் இடத்தைச் சொல்ல மற்றவர் நகர்த்த, ஒரு காகிதத்தில் இதை ஆட முடியும்.

கற்பிப்போர் கவனத்துக்கு

புதியவருக்குக் கற்பிக்கையில் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். முதல் ஆட்டத்தை வெற்றி தோல்வி இல்லாத ஆட்டமாக, ஒவ்வொரு நகர்வையும் வாய்விட்டுச் சொல்லி ஆடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு விதி போதும். பல்லாங்குழியில் முதல் நாள் காய் பகிர்வதை மட்டும் பழகுங்கள். பசுவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். நோயாளி எண்ணத் தாமதித்தால் அவருக்காக நீங்கள் எண்ணிவிடாதீர்கள். அந்தத் தாமதம் அவருக்கு உரியது. மருந்தின் மயக்கத்தால் அவர் நேற்றுச் சொன்ன விதியை இன்று மறந்திருந்தால், வாதிடாமல் மீண்டும் தொடங்குங்கள்.

வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. சிறு குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதைப் போல் நோயாளிக்கு விட்டுக்கொடுத்தால், அவர் அதை உடனே கண்டுகொள்வார். தம்மை எதிராளியாகக்கூட எவரும் மதிக்கவில்லை என்ற எண்ணம் அவரை வருத்தும். திறமையில் பெரும் வேறுபாடு இருந்தால், தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சில காய்களைக் கூடுதலாகத் தந்து, பின்னர் உண்மையாகவே ஆடுங்கள்.

காசு வைத்து ஆடவே கூடாது. மாஜாங் ஆனாலும் தாயம் ஆனாலும், சூதாக மாறிக் குடும்பங்களைக் கெடுத்த வரலாறு ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. மருத்துவச் செலவால் நெருக்கடியில் இருக்கும் வீட்டுக்குள் அதை நுழைய விடலாகாது. பால்கோவாவைப் பந்தயம் வைப்பதும் வேண்டாம். வென்றவருக்குச் சர்க்கரை நோய் இருக்கக்கூடும்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

விளையாட்டு நோயைத் தீர்க்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். எனினும் மனத்துக்கு வேலை தருவதன் பயனைப் பற்றி மதிக்கத்தக்க ஆய்வுகள் உள்ளன. மருத்துவமனையில் சேர்ந்த முதியோருக்குத் திடீரென்று நேரும் மனக்குழப்பத்தைத் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்து 1999இல் முடிவை வெளியிட்டனர். 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். சொல் விளையாட்டு, பழைய நினைவுகளைப் பேசுதல், எழுந்து நடத்தல், நல்ல உறக்கம், கண்ணாடியும் செவிக்கருவியும் தருதல், போதிய நீர் அருந்தச் செய்தல் ஆகியவற்றை ஒருங்கே பெற்றோரில் 9.9 விழுக்காட்டினருக்கும், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் 15 விழுக்காட்டினருக்கும் அக்குழப்பம் நேர்ந்தது. விளையாட்டு இதில் ஒரு கூறு மட்டுமே. ஆனால் அந்தத் தொகுப்பிலிருந்த எதற்கும் விலையுயர்ந்த மருந்து தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது.

நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி மீட்டல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. விளையாட்டே அதற்குக் காரணம் என்று இதைக்கொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. நல்ல உடல்நிலையில் இருப்போரே விளையாட முன்வந்திருக்கவும் கூடும். ஆகவே நாம் விளையாட்டைப் பரிந்துரைப்பது நாளைய நோய்த்தடுப்பைக் கருதி மட்டுமன்று. இன்றைய மாலைப் பொழுது நல்லதாக அமைய வேண்டும் என்பதே முதற்காரணம். குணமாகாத நோயுற்றவருக்கும் இந்தக் காரணம் குறைவின்றிப் பொருந்தும். அவருடைய அறையில் மட்டும் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை.

சில எச்சரிக்கைகளும் உள. காய்களைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, ஆடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைக் கழுவுங்கள். புளியங்கொட்டையைவிடக் கழுவத்தக்க பிளாஸ்டிக் மணிகள் வார்டுக்கு ஏற்றவை. கீமோதெரபி பெறுவோர், தனிமை அறையில் இருப்போர் ஆகியோருக்குத் தனிப் பலகையும் தனிக் காய்களும் வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் காய்களை வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளக்கூடும், கவனம் தேவை. வலிப்பு நோயுள்ளவர்கள் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நெடுநேரம் ஆடலாகாது. மாஜாங் ஆடும்போது வலிப்பு வந்த 23 நோயாளிகளைப் பற்றி ஹாங்காங் மருத்துவர்கள் 2007இல் எழுதியுள்ளனர். எவராயினும் அரை மணிக்கு ஒரு முறை கால்களை நீட்டி மடக்கி, இயன்றால் எழுந்து நடக்க வேண்டும். நோயாளி வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆடாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் அவருக்கு இன்பமாக இருக்கலாம்.

பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்

ஆடுபுலி ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவர் வழக்கமாக ஒரு தவற்றைச் செய்வார். ஓர் ஆட்டைத் தனியே முன்னே நிறுத்திவிடுவார். அதன் பின்புறப் புள்ளி காலியாக இருக்கும். புலி அதைத் தாண்டிவிடும். அந்தப் புள்ளியில் மற்றோர் ஆடு நின்றிருந்தால் புலியால் ஒன்றும் செய்ய இயலாது. முன்னே நிற்கும் ஆட்டின் வலிமை அதன் பின்னே நிற்கும் ஆட்டில்தான் உள்ளது.

நம் பகுதிக் குடும்பங்களில் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரே ஒருவரிடம் விடப்படுவதை நாம் வார்டுகளில் தொடர்ந்து காண்கிறோம். மகளோ மருமகளோ மனைவியோ இரவும் பகலும் அங்கேயே இருக்கிறார். நூற்பாலையிலோ, சத்திரப்பட்டியில் நம் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறியிலோ வேலை பார்ப்பவராயின், அவருடைய கூலியும் நின்றுபோகிறது. காலையில் வீட்டுக்கு ஓடிச் சமைத்துக்கொண்டு மீண்டும் ஓடி வருகிறார். அவருக்கே காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கிடையாது. அவருக்குப் பின்னே உள்ள புள்ளி காலியாக இருக்கிறது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்துடன் வந்து, அரை மணி நேரம் அமர்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் எழுந்து போகிறார்கள்.

விளையாட்டுப் பலகை இங்கும் உதவும் என்பது நம் நம்பிக்கை. நோயாளியுடன் இரண்டு மணி நேரம் தனியே இருப்பதற்கு ஆண்கள் தயங்குவதற்கு, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமையும் ஒரு காரணம். ஆட்டம் தெரிந்தவருக்கு அந்தத் தயக்கம் இராது. மகன் வேலை முடிந்து வந்து தாயுடன் இரண்டு ஆட்டம் பல்லாங்குழி ஆடட்டும். அது பெண்கள் ஆட்டம் என்று ஒதுங்க வேண்டாம், குழிகளுக்கு ஆண் பெண் தெரியாது. அந்த இரண்டு மணி நேரம் மருமகள் வீட்டுக்குப் போய் உறங்கட்டும். அதைச் சமையலுக்கான நேரமாக மாற்றிவிடாமல் இருப்பது குடும்பத்தாரின் பொறுப்பு. அதுபோலவே, பகல் முழுதும் உழைத்துக் களைத்தவரிடம் விளையாட்டையும் இன்னொரு கடமையாகச் சுமத்தாதீர்கள். விளையாட வேண்டியவர்கள் இதுவரை வராமலிருந்த மற்றவர்கள்.

ஆகவே நாம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். மருத்துவமனை நிருவாகங்கள் ஒவ்வொரு வார்டிலும், டயாலிசிஸ் பிரிவிலும், காத்திருப்புக் கூடத்திலும் கழுவி வைத்த இரண்டு மூன்று பலகைகளை வைத்து, செவிலியர் மேசையில் பெயர் எழுதி வாங்கிக்கொள்ளச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு மிகவும் சிறிது. குடும்பத்தினர், நோயாளியைச் சேர்க்க வரும்போது துண்டு, டம்ளர், பிளாஸ்க் ஆகியவற்றுடன், பரண்மேல் கிடக்கும் பல்லாங்குழியையும் எடுத்து வரலாம். யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்து ஆடுவது என்று முறை வைத்து எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது வேண்டுகோள் நோயாளிகளுக்கு. உங்களுக்குத் தெரிந்த ஆட்டத்தைத் தெரியாத ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். எதுவும் தெரியாவிட்டால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் இன்று மாலை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.